எழுபத்திரண்டு சுற்று

கம்பியக்கா எண்ணிக்கொண்டிருக்கும்போது யாரும் அவளிடம் பேசக் கூடாது. அந்தப் பட்டறையில் எழுதி ஒட்டாத சட்டம் அது ஒன்றுதான். மைக்காத் தகட்டின் ஓரத்துப் பல்லில் கம்பியை மாட்டி, தகட்டைத் திருப்பி, அடுத்த பல்லில் மாட்டி, "ஒண்ணு, ரெண்டு" என்று அவள் உதட்டுக்குள் தொடங்கிவிட்டால், எழுபத்திரண்டு வரும்வரை கூடப் பிறந்த தம்பியே வாயைத் திறக்கமாட்டான். ஒருநாள் கூரை ஒழுகி மேசைமேல் தண்ணீர் சொட்டியது. அவன் மேலே கையைக் காட்டிக் காட்டி ஊமை ஜாடை செய்தானே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் எழுபத்திரண்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"ஏண்டா, வாயைத் தைச்சா வச்சிருக்கே? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா மட்டும் நீ எழுந்துடுவியாக்கும். மறுபடி ஒண்ணுலேருந்து ஆரம்பிப்பே. அதுக்கு நனையறதே மேல்."

இப்படித்தான் இருபது வருடமாக இரண்டு பேரும் காலத்தை ஓட்டினார்கள். இஸ்திரிப் பெட்டிக்குள் சூடேற்றும் தகட்டைச் சுற்றுவது அக்காவின் வேலை. அதைப் பெட்டியில் வைத்து மூடுவது, கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது, வந்தவர்களோடு பேசுவது எல்லாம் தம்பி. அவனுக்குப் பேச வரும், இவளுக்கு எண்ண வரும். யாருக்கு எது வருமோ அதைச் செய்தால் போதும் என்று இருந்துவிட்டார்கள்.

சுவரில் ஒரு பலகை. அதில் சட்டி மூடி அளவுக்கு இரண்டு வட்ட மீட்டர்கள், ஒன்று வோல்ட் காட்டும், ஒன்று ஆம்பியர் காட்டும். சுற்றி முடித்த ஒவ்வொரு தகட்டையும் கம்பியக்கா அதில் மாட்டிப் பார்ப்பாள். வோல்ட் முள் இருநூற்று முப்பதில் நிற்கும். ஆம்பியர் முள் நாலு புள்ளி மூன்றை மயிரிழை தாண்டி நிற்கும். முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுத்தால், கம்பி மின்சாரத்தை எவ்வளவு மறிக்கிறது என்பது தெரிந்துவிடும். ஐம்பத்து மூன்று ஓம். அதே இரண்டு எண்ணையும் பெருக்கினால், பெட்டி எவ்வளவு மின்சாரம் தின்று எவ்வளவு சூடு கக்கும் என்பது தெரியும். ஆயிரம் வாட். இந்தக் கணக்கை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. பழைய பெட்டிகளின் அடியில் அச்சடித்திருந்த எண்களைத் துடைத்துத் துடைத்துப் படித்து, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் எப்போதும் வாட்தான் வருகிறதே என்று தானாகக் கண்டுபிடித்துக்கொண்டாள். கண்டுபிடித்த அன்று ஒரு மணி நேரம் யாரிடமும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

கணக்குச் சரியாக வந்தால் ஒரு துண்டுச் சீட்டில் "72 – 53" என்று எழுதி, கீழே ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைப்பாள். அதுதான் அவள் கையெழுத்து. சீட்டை மடித்துப் பெட்டியின் கைப்பிடிக்குக் கீழே, மூடிக்குள் செருகிவிடுவாள். பெட்டியைப் பிரித்துப் பார்க்கிறவனுக்குத்தான் அது கண்ணில் படும். பிரிக்கிறவன் எவனாக இருந்தாலும், இதைச் சுற்றியவள் அளந்து பார்த்துத்தான் அனுப்பினாள் என்று தெரியட்டுமே என்பாள்.

பட்டறை தொடங்கிய புதிதில் தம்பி அவளோடு ஒரு பந்தயம் கட்டினான்.

"கம்பி எவ்வளவு கூடச் சுத்தறியோ அவ்வளவு சூடு கூடும். இதுகூடத் தெரியாதா? விறகு கூட வச்சா நெருப்பு கூடாதா?"

"இது விறகு இல்லைடா. கூட்டம் போற சந்து. சந்து நீள நீள, முட்டி மோதிப் போய்ச் சேரற ஜனம் குறைஞ்சுடும். கம்பி கூடினா சூடு குறையும். குறைச்சாத்தான் கூடும்."

"தோத்தவங்க ஒரு வாரம் தரையைக் கழுவணும். சம்மதமா?"

இரண்டு தகடு சுற்றிப் பலகையில் மாட்டினார்கள். நீளக் கம்பியில் ஆம்பியர் முள் சோம்பேறியாகக் கொஞ்சம் எழுந்து நின்றது. குட்டைக் கம்பியில் முள் எகிறிக் குதித்தது. தம்பி ஒரு வாரம் தரையைக் கழுவினான். ஈரத் துணியோடு அவன் தவழ்ந்து வரும்போதெல்லாம் கம்பியக்கா முக்காலிமேல் கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு, "ராசா, அந்த மூலையில இன்னும் கொஞ்சம் விறகு வை" என்று சீண்டுவாள். அவன் துணியை அவள்மேல் வீசுவான். அதற்குப் பிறகு பட்டறையில் யார் எதில் தோற்றாலும் "விறகு வைச்சுட்டான்" என்பதே பேச்சாகிவிட்டது.

இதை ஏன் இத்தனை நீட்டிச் சொல்கிறேன் என்றால், பின்னால் வருவதற்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நாலு தெரு தள்ளி ஒரு சலவைக்கடை. அங்கே பன்னிரண்டு இஸ்திரிப் பெட்டி, பன்னிரண்டும் இவர்கள் கொடுத்தவை. ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே ஒரு பெட்டியின் வயர் உருகி, இஸ்திரி போடும் பெண்ணின் உள்ளங்கையில் அப்பிக்கொண்டது என்று செய்தி வந்தது. கம்பியக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தம்பி தடுத்தான்.

"நீ எதுக்குப் போறே? வயர் பழசு. நான் பேசிட்டேன், எல்லாம் முடிஞ்சுது."

"கை வெந்திருக்குடா. பார்த்துட்டாவது வரேன்."

"சொன்னாக் கேளுக்கா. நீ போனா எதையாவது உளறுவே."

அவள் கேட்டாள்தான். இரண்டு நாள் கேட்டாள். மூன்றாம் நாள், அவன் வெளியே போயிருந்த மத்தியானத்தில், மனசு நிற்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

சலவைக்கடையின் பின்னறையில் ஈரத்துணியின் ஆவி கழுத்து வரை நின்றது. இஸ்திரிக்காரி ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, இடது கையால் மட்டும் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு. கம்பியக்காவைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தாள்.

"உட்காருங்கக்கா. நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. எண்ணிக்கை தப்பறது எல்லாருக்கும் வர்றதுதானே."

"எண்ணிக்கையா? என்ன எண்ணிக்கை?"

"எட்டுச் சுத்து கூட விழுந்துடுச்சாமே. அதனாலதான் சூடு கூடிப்போச்சுன்னு உங்க தம்பி சொன்னாரு. 'அக்காவுக்கு வயசாயிடுச்சு, கண்ணு முன்ன மாதிரி இல்லை, நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்'னு கடைக்கார அம்மாகிட்டக் கைகூப்பி நின்னாரு. பாவம், அக்காமேல எவ்வளவு பாசம் பாருங்கன்னு நாங்களே பேசிக்கிட்டோம்."

கம்பியக்காவுக்கு முதலில் ஒன்றும் வலிக்கவில்லை. சூடான தகட்டைத் தொட்டவனுக்கு ஒரு நொடி கழித்துத்தானே தெரியும், அதுபோல. இந்தப் பெண் தப்பாகக் கேட்டிருப்பாள் என்று நினைத்தாள். பிறகு, அவன் அவசரத்தில் ஏதோ சொல்லியிருப்பான் என்று நினைத்தாள். அதற்குப் பிறகுதான் அந்த எட்டுச் சுற்று உறைத்தது. சுற்று கூடினால் சூடு கூடும் என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் நம்பிச் சொல்லலாம். அவன் சொல்ல முடியாது. அவன் ஒரு வாரம் தரை கழுவியவன். தெரியாமல் வந்த பேச்சில்லை அது. கேட்கிறவர்களுக்குத் தெரியாது என்று தெரிந்துகொண்டு சொன்ன பேச்சு.

"இந்தப் பெட்டி ஆரம்பத்திலேருந்தே இப்படித்தான் கொதிக்குமா?" என்று கேட்டாள்.

"இல்லைக்கா. முன்னே ரொம்ப மந்தம். காலையில போட்டா சூடாகறதுக்குள்ள நாங்க ஒரு தூக்கம் போட்டு எழுந்துடலாம். அம்மா தினம் உங்க தம்பியை வறுத்தெடுப்பாங்க. போன மாசம் பன்னிரண்டையும் எடுத்துட்டுப் போய்ச் சரிபண்ணிக் கொண்டாந்தாரு. அப்புறம் பாருங்க, மாட்டின உடனே பத்திக்கும். வயரே கொதிக்கும்."

"பன்னிரண்டையுமா?"

"ஆமா. மிச்சப் பதினொண்ணு அதோ ஓடுது."

முன்னறையில் வரிசையாக நின்று இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். பதினொரு கை.

"கொஞ்ச நேரம் எல்லாத்தையும் பிடுங்கி வைக்கச் சொல்லும்மா. என் பேரைச் சொல்லு. சாயங்காலத்துக்குள்ள கடைக்கார அம்மாவைப் பட்டறைக்குக் கூட்டிட்டு வா."

கை சுட்ட பெட்டியைத் துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறாளோ என்று ஒருவன் வழிவிட்டான்.

பட்டறையில் நாலு திருகைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். மடித்தது மடித்தபடி அவள் சீட்டு இருந்தது. "72 – 53", வட்டம், புள்ளி. மைக்காத் தகட்டை வெளியே எடுத்து எண்ணினாள். நாற்பத்தெட்டு. மறுபடி, விரலால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணினாள். நாற்பத்தெட்டேதான். மூன்றில் ஒரு பங்கு கம்பியைக் காணோம்.

பலகையில் மாட்டினாள். வோல்ட் அதே இருநூற்று முப்பது. ஆம்பியர் முள் ஆறரையில் போய் நின்றது. வகுத்தாள், முப்பத்தைந்து ஓம். பெருக்கினாள், ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றைந்து வாட். ஆயிரத்துக்குப் போட்ட மெல்லிய வயரில் ஆயிரத்தைந்நூறு ஓடினால் உருகாமல் என்ன செய்யும்?

கம்பி முடிகிற இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருகாணியில் கம்பியைச் சுற்றும்போது அவள் வலப்பக்கமாகச் சுற்றுவாள். ஒரு முனை அப்படித்தான் இருந்தது. இன்னொரு முனை இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. அவள் தம்பி இடக்கைக்காரன். சின்னப் பிள்ளையில் அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டவள் அவள்தான். எந்த முடிச்சை எந்தப் பக்கம் போடுவான் என்று அவளுக்குத் தெரியாதா?

கம்பியை வெட்டினவன் சீட்டையாவது எடுத்திருக்கலாம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நாற்பத்தெட்டுச் சுற்றுக்குப் பக்கத்தில் எழுபத்திரண்டு என்று அவள் கையெழுத்தை மடித்து வைத்துவிட்டு மூடியிருக்கிறான். ஒருமுறை இல்லை, பன்னிரண்டு முறை.

அவள் அழவில்லை. புதுத் தகடு ஒன்றை எடுத்துச் சுற்ற உட்கார்ந்தாள். ஐம்பதைத் தாண்டும்போது தம்பி உள்ளே வந்தான். கையில் இரண்டு டீ. மேசைமேல் பிளந்து கிடந்த பெட்டியைப் பார்த்தான். பேச வாயெடுத்தான். அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். சட்டம் சட்டம்தானே, நின்றான். எழுபது, எழுபத்தொண்ணு, எழுபத்திரண்டு. அவள் நிறுத்தவில்லை. எழுபத்து மூணு. அவன் டீயை மேசை ஓரத்தில் வைத்தான். எண்பதில் கம்பியை வெட்டி முடித்தாள்.

"நீ சொன்ன எட்டுச் சுத்து" என்று தகட்டை அவன் முன்னால் வைத்தாள். "கூடச் சுத்திட்டேன். வயசாயிடுச்சில்ல."

"அக்கா, நான் சொல்றதை முழுசாக் கேளு."

"சொல்லு."

"அந்தம்மா மந்தம் மந்தம்னு உயிரை வாங்கினாங்க. உன்கிட்டச் சொன்னா என்ன சொல்வே? புதுசாக் கனமான வயர் போடணும், பெட்டியையே மாத்தணும்பே. அவங்க வேற பட்டறைக்குப் போயிருப்பாங்க. கொஞ்சம் குறைச்சேன். ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

"சரி, குறைச்சே. கை வெந்துது. அப்போ 'நான்தான் குறைச்சேன்'னு சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா அடுத்தாப்ல எவன் நம்மளை நம்புவான்? வெளியில போறவன் நான். நீ உள்ள உட்கார்ந்திருக்கிறவ. உன்மேல யாருக்கும் கோபம் வராதுக்கா. வயசானவங்க தப்பை மன்னிச்சுடுவாங்க."

"நீயே யோசிச்சுப் பிரிச்சுட்டே. தப்பு உனக்கு, மன்னிப்பு எனக்கு."

"அக்கா..."

"எனக்குன்னு இருக்கிறது அந்தச் சீட்டு ஒண்ணுதாண்டா. அதை வச்சா மறைச்சே?"

அவன் பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. சலவைக்கடை அம்மாவும், பின்னால் கையைத் தூக்கிப் பிடித்தபடி இஸ்திரிக்காரியும். அம்மா பெருத்த உடம்பு, வேக நடை, வரும்போதே பேச்சோடு வருகிறவள்.

"என்னம்மா இது, ஓடுற கடையை நிறுத்தச் சொல்லிட்டீங்களாமே? துணி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. உங்க தம்பிதான் எல்லாம் விளக்கிச் சொல்லிட்டாரே. சுத்து கூடிப்போச்சு, அவ்வளவுதானே? மிச்சப் பதினொண்ணுலயும் ஒரு பத்துப் பத்துச் சுத்து எடுத்து விட்டுடுங்க. வேலை முடிஞ்சுது."

கம்பியக்கா தம்பியைப் பார்த்தாள். இப்போதாவது சொல்வான். பத்துச் சுற்று எடுத்தால் மிஞ்சுவது முப்பத்தெட்டு. கணக்கை அவள் மனசு தானாகப் போட்டது. எட்டு ஆம்பியருக்கு மேல், ஆயிரத்தெண்ணூறு வாட்டுக்கு மேல். கை வேகாது, கடையே வேகும். அது அவனுக்கும் தெரியும். சொல்லுடா, சொல்லிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

தம்பி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். "சரிங்கம்மா. எடுத்துடறோம்" என்றான். சொல்லிவிட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பேசாமல் இரு என்று அக்காவுக்குக் கண்ணைக் காட்டினான்.

இருபது வருடமாக அவன் கண்ணைக் காட்டினால் அவள் பேசாமல் இருந்திருக்கிறாள். விலை பேசும்போது, ஆட்களைச் சமாளிக்கும்போது எல்லாம். ஆனால் இஸ்திரிக்காரியின் கட்டுப்போட்ட கை அவள் கண்முன்னால் நின்றது. அம்மா நாளைக்கே வேறு எவனையாவது கூப்பிட்டுப் பத்துச் சுற்று எடுக்கச் சொன்னால், கண்ணைக் காட்டியவன் அங்கே நின்றா தடுப்பான்?

"இப்படி வாங்கம்மா" என்று முக்காலியைப் பலகைப் பக்கம் இழுத்துப் போட்டாள். "நீங்களே உங்க கண்ணால பாருங்க. நான் வாயால சொன்னா வயசானவ உளறுதுன்னுவீங்க."

எண்பது சுற்றுத் தகட்டை மாட்டினாள். "என் தம்பி உங்ககிட்டச் சொன்னானே, எட்டுச் சுத்து கூடப் போன தகடுன்னு. அதே மாதிரி இப்ப ஒண்ணு சுத்தினேன், இதுதான். அந்த முள் எங்க நிக்குது, படிம்மா."

இஸ்திரிக்காரி எட்டிப் பார்த்தாள். "நாலுக்குக் கொஞ்சம் கீழே. மூணு புள்ளி ஒம்போது."

"இருநூத்தி முப்பதை அதால பெருக்கு."

இஸ்திரிக்காரி ஒரு சாக்குக்கட்டியை இடது கையில் வாங்கி, சுவரிலேயே கோணல்மாணலாகப் போட்டாள். "எண்ணூத்தித் தொண்ணூத்தேழு."

"உங்க பெட்டியில அச்சடிச்சிருக்கிறது ஆயிரம். கூடச் சுத்தினா குறைச்சலா வருது பாருங்க. இன்னும் மந்தமாகும், கை வேகாது." அதைக் கழற்றிவிட்டு நாற்பத்தெட்டை மாட்டினாள். "இது உங்க பெட்டியிலேருந்து இப்பத்தான் எடுத்தது. இதைப் படி."

முள் எகிறியது. இஸ்திரிக்காரி ஒரு அடி பின்னால் போனாள். "ஆறரை."

"பெருக்கு."

இந்த முறை அவள் போட்டுவிட்டு எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா எழுந்து பக்கத்தில் போய்ப் படித்தாள். ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றைந்து. அறையில் சூடான மைக்காவின் வாசனை எழுந்தது. கம்பி சிவக்கத் தொடங்கியதும் கம்பியக்கா சுவிட்சைத் தட்டி அணைத்தாள்.

"அப்போ கம்பி குறைஞ்சாத்தான் சூடா?" என்றாள் அம்மா மெல்ல. "நான் இன்னும் பத்து எடுக்கச் சொன்னேனே."

"சொன்னீங்க."

"இவர் சரின்னாரே." அம்மா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். "உங்களுக்கு இது தெரியாதா?"

"தெரியும்" என்றாள் கம்பியக்கா. "நல்லாத் தெரியும். ஒரு வாரம் தரை கழுவித் தெரிஞ்சுக்கிட்டது. நான் எழுபத்திரண்டு சுத்தி அனுப்பினேன், இதோ சீட்டு. இருபத்திநாலைப் பிரிச்சு எடுத்தது யாருன்னு அவனையே கேளுங்க. என் வாயால சொல்ல வைக்காதீங்க."

தம்பி சுவரைப் பார்த்தான், கீழே பார்த்தான். இஸ்திரிக்காரியை மட்டும் பார்க்கவில்லை. "நீங்கதானேம்மா சீக்கிரம் சூடாகணும்னு..." என்று ஆரம்பித்தான். அதிலேயே எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"பாசம்னு நினைச்சோம்" என்றாள் அம்மா. பதினொரு பெட்டியும் உடனே இங்கே வரும், அக்கா கையால் சுற்றி, அக்கா கையால் மூடி, அக்கா கையால்தான் திரும்பி வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். இஸ்திரிக்காரி போகும்போது கம்பியக்காவின் தோளைத் தொட்டாள்.

"மன்னிச்சுடுங்கக்கா. உங்களைத்தான் தப்பா நினைச்சுட்டேன்."

"நீ என்னம்மா பண்ணுவே? நானே அவனைச் சரியா நினைக்கலை."

பொழுது சாய்வதற்குள் பெட்டிகள் வந்து சேர்ந்தன. கம்பியக்கா ஒவ்வொன்றாகத் திறந்து, பழைய சீட்டைக் கிழித்துப் போட்டாள். தன் கையெழுத்தைத் தானே கிழிப்பது அதுதான் முதல்முறை. புதுத் தகட்டை எடுத்து எண்ணத் தொடங்கினாள்.

பின்பக்கம் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது. தம்பி வாளியும் துணியுமாக வந்தான். யாரும் தோற்றாய் என்று சொல்லவில்லை, யாரும் கழுவச் சொல்லவில்லை. மூலையிலிருந்து தவழ்ந்து தேய்த்துக்கொண்டே வந்தான். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து, "விறகு வச்சுட்டேன்கா" என்றான், சிரிக்க முயன்றுகொண்டே. அவள் எண்ணும்போது அவன் பேசியது இருபது வருடத்தில் அதுதான் முதல்தடவை.

அவள் நிறுத்தவில்லை. ஒன்றிலிருந்து தொடங்கவும் இல்லை.

ஈரத்துணி அவள் முக்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவள் காலைத் தூக்குவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் தூக்கவில்லை. பாதம் இரண்டும் தரையில் அழுந்தி அப்படியே இருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவன் துணியை அவள் காலைச் சுற்றிக் கொண்டுபோனான்.

"நாப்பத்தேழு," என்றாள் அவள், உதட்டுக்குள் அல்ல, அவன் காதில் விழும்படி. "நாப்பத்தெட்டு." கம்பியை அடுத்த பல்லில் மாட்டி, தகட்டைத் திருப்பினாள்.

"நாப்பத்தொம்போது."